வெந்நீர் என்றொரு வசை

குழாய்க்காரர் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் மருமகளின் பை சரிந்து கிடந்தது. அதிலிருந்து வழுக்கி வெளியே வந்திருந்த அட்டை ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதில் இருந்த சொல்லை அவரால் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது. குற்றமுள்ள நெஞ்சுக்குப் பார்வை கொஞ்சம் கூர்மை.

'வெந்நீர்' என்று தலைப்பு. அதன் கீழே: 'வசைச்சொல். பேச்சு வழக்கு. எல்லாம் தெரிந்தவன்போல் செய்து எல்லாவற்றையும் கெடுப்பவன்.' அதற்கும் கீழே 'தோற்றம்' என்று எழுதி எதிரே காலியாக விட்டிருந்தது. காலியிடத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு: 'வெள்ளிக்கிழமைக்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.'

அட்டை அவர் கையிலிருந்து நழுவித் தண்ணீர்த் தம்ளரில் விழுந்தது. மருமகள் ஓடிவந்து எடுத்து உதறினாள். மாமனார் முகத்தில் ரத்தம் இல்லை. சர்க்கரை குறைந்துவிட்டதோ என்று பயந்து ஒரு மிட்டாயைக் கொடுத்தாள். அவரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அதிர்ச்சியில் இருப்பவர்கள் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்வார்கள்.

மற்ற ஊர்களில் வெந்நீரைக் குளிக்க வைத்துக்கொள்வார்கள். அவசரக்காரர்கள் காலில் ஊற்றிக்கொண்டு நிற்பார்கள். இந்த ஊரில் அதை வைத்து ஆளையும் திட்டலாம். மடையன் என்றால் கேட்டவன் சட்டையைப் பிடிக்க வருவான். வெந்நீர் என்றால் வரமாட்டான், கூனிக்குறுகிப் போவான். கீழுதட்டைப் பிதுக்கி, முதல் எழுத்தை இரண்டு மாத்திரை கூட இழுத்துச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் கோப்பைத் திருப்பி எறிகிற மேலாளர் சொல்வார். பேருந்தை ஒடித்துத் திருப்புகிற ஓட்டுநரைப் பார்த்து இன்னொரு ஓட்டுநர் சொல்வார். கல்யாணமான மறுவருடம் மனைவி கணவனைச் சொல்வாள். வெந்நீர் வேலை, வெந்நீர்த்தனம், வெந்நீர் மூஞ்சி என்று குடும்பம் குட்டியோடு பெருத்த சொல் அது. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. திட்டுகிறவனுக்கு நேரமில்லை, வாங்கிக்கொள்கிறவனுக்கு மனமில்லை.

கேட்கவென்றே சம்பளம் கொடுத்து ஒரு பெண்ணை அகராதி அலுவலகம் வைத்திருந்தது. அந்தப் பெண் இந்த வீட்டுக்கு மருமகளாக வாய்த்ததைத்தான் விதி என்பார்கள்.

குழாய்க்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயது அறுபத்தொன்று. ஊரில் அவருக்குத் 'தொட்டுப்பார்' என்று பட்டப்பெயர். எந்தக் குழாயை மாட்டினாலும் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல. சூடா, குளிரா என்று தெரிந்த பிறகுதான் முறுக்குச்சாவியை எடுப்பார். பக்கத்துத் தெரு டாக்டரம்மா, அந்தக் கவனம் எங்கள் ஆஸ்பத்திரியில் பாதிப்பேருக்கு இருந்தால் போதும் என்று பலர் முன்னால் சொல்லியிருக்கிறார். அவருக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ஆறு பேருக்கும் புறங்கைப் பழக்கம் வந்துவிட்டது. அந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் யாரும் கேட்டதில்லை.

முப்பத்து நாலு வருடங்களுக்கு முன்னால் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பியது. அதில் குழாய் வேலைக்கு இரண்டு பேர். ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை. நம் குழாய்க்காரர்தான் குட்டை. கட்டடத்தின் நடுவே அடியிலிருந்து உச்சி வரை ஒரு பொந்து. அதில் இரண்டு குழாய்கள் அக்கம்பக்கமாக ஏறின. இடது குழாயில் பச்சைத் தண்ணீர். வலது குழாயில், கீழே இருக்கும் பாய்லரிலிருந்து வெந்நீர். இரண்டும் ஒரே பருமன், ஒரே சாம்பல் நிறம். அதனால் வேலையிடத்தில் ஒரு வழக்கம்: வெந்நீர்க் குழாயில் சிவப்புத் துணி கட்டிவிடுவது. கீழே துணி கட்டுவது குட்டையின் வேலை. அதைப் பார்த்து மாடிமாடியாக வீடுகளுக்குக் கிளை இழுப்பது நெட்டையின் வேலை.

அன்று காலை குட்டை முகம் கழுவினான். ஈரத் துண்டைக் கைக்கு எட்டிய குழாயில் காயப்போட்டான். அது இடது குழாய். துண்டின் நிறம் சிவப்பு. அடையாளத் துணியை வந்து கட்டிக்கொள்ளலாம் என்று டீ குடிக்கப் போனான். டீக்கடையில் பேச்சு சுவாரசியமாக இருந்தது.

அதற்குள் நெட்டை வந்தான். இடது குழாயில் சிவப்பைப் பார்த்தான். சந்தேகப்பட என்ன இருக்கிறது? கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறிவிட்டான். குட்டை திரும்பி வந்தபோது வேறு வேலை காத்திருந்தது, துணி மறந்துபோனது. நாலு நாள் கழித்து, கட்டடத் திறப்புக்கு முந்தின சாயங்காலம்தான் துண்டு அங்கேயே கிடப்பது ஞாபகம் வந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் பாய்லரை முழு வேகத்தில் மூட்டினார்கள். கட்டட முதலாளியின் சம்பந்தி மூன்றாம் மாடி வீட்டைச் சுற்றிப் பார்த்தவர், சொந்த வீடுபோல உரிமை எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் போனார். தண்ணீர் விட்டார். வந்தது ஆவி. பின்னாலேயே சம்பந்தியும் வந்தார். வந்த கோலத்தை எழுதினால் இதைக் குடும்பத்தோடு படிக்க முடியாது. கல்யாணமே முறிந்துபோகும் என்ற அளவுக்குப் பேச்சு வளர்ந்தது. கழிவறைத் தொட்டிகளில் வெந்நீர், குளிக்கும் குழாய்களில் பச்சைத் தண்ணீர்.

இன்ஜினியர் எல்லாரையும் பொந்துக்கு முன்னால் நிறுத்தினார். எதை வைத்து மாட்டினாய் என்று நெட்டையைக் கேட்டார். இடதில் சிவப்பு இருந்தது என்றான் நெட்டை. இப்போது எதிலும் சிவப்பு இல்லை. இன்ஜினியர் குட்டையின் பக்கம் திரும்பினார்.

"நீ அடையாளம் கட்டினியா?"

"கட்டினேன் சார். வலதுல."

சொன்னபோது சிவப்புத் துண்டு அவன் தோளில் கிடந்தது. நெட்டை துண்டைப் பார்த்தான். வாயைத் திறந்தான். அதற்குள் இன்ஜினியர் அவனைப் பார்த்து, "போடா வெந்நீர்" என்றார். கொத்தனாரிலிருந்து முதலாளியின் மச்சினன் வரை எல்லாரும் சிரித்தார்கள். நெட்டையை அன்றைக்கே நிறுத்தினார்கள். எங்கேயோ போய்விட்டான் என்று மேஸ்திரி சொன்னார். குட்டை அதை நம்பினான். நம்புவது வசதியாக இருந்தது.

பன்னிரண்டு மாடியையும் உடைக்க வேண்டும் என்று இன்ஜினியர் தலையில் கை வைத்தபோது குட்டைக்கு ஒரு யோசனை வந்தது. மேலே எதையும் தொட வேண்டாம். கீழே, பொந்தின் அடியில், இரண்டு குழாய்களையும் குறுக்கே மாற்றிவிட்டால் போதும். இடதில் வெந்நீர் ஏறும், வலதில் பச்சைத் தண்ணீர் ஏறும். ஒரு மணி நேர வேலை. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். அடுத்த கட்டடத்தில் அவன் மேஸ்திரி. அவர் வாழ்க்கை அந்த ஒரு மணி நேரத்தின்மேல் கட்டப்பட்டது. இன்றைக்கும் குடும்பத்தில் யாராவது சோர்ந்து உட்கார்ந்தால், "பன்னெண்டு மாடிய ஒரு மணி நேரத்துல சரி பண்ணினவன் நான்" என்று ஆரம்பிப்பார். அந்தப் பன்னிரண்டு மாடி எப்படிக் கெட்டது என்ற பகுதியை மட்டும் சொல்வதில்லை. மகன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியபோது, எல்லா அப்பாக்களையும்போல அவரும் கீழுதட்டைப் பிதுக்கி அவனை வெந்நீர் என்றார். ஊரோடு ஒத்து வாழ வேண்டுமல்லவா?

இப்போது அந்தச் சொல் நனைந்த அட்டையாக மேசைமேல் காய்ந்துகொண்டிருந்தது.

அன்று திங்கட்கிழமை. தோற்றம் தெரியாத சொல்லை அச்சேற்ற முடியாது என்று அலுவலகத் தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு அட்டையை முடிக்க மூன்று வாரமா என்று கேட்டு, வேறு எந்தச் சொல்லும் கிடைக்காமல் அதே சொல்லால் அவளைத் திட்டியுமிருந்தார். மருமகள் அதையும் எடுத்துக்காட்டாக அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். தொழில் பக்தி என்றால் அது.

செவ்வாய்க்கிழமை குழாய்க்காரர் தாமாகவே உதவிக்கு வந்தார். அது முடிதிருத்தும் கடைகளில் பிறந்த சொல் என்று சின்ன வயதில் கேள்விப்பட்டதாகச் சொன்னார். பாவம், அவள் எட்டுக் கடைகளில் விசாரித்தாள். எட்டுக் கடைக்காரர்களும் உன்னை அனுப்பியவன்தான் வெந்நீர் என்றார்கள். புதன்கிழமை கப்பல்காரர்கள் கொண்டுவந்ததாகச் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த ஊருக்கும் கடலுக்கும் பஸ்ஸில் ஒரு பகல் தூரம். ஆனால் அவள் கையில் ஒரு நூல் சிக்கியிருந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களைக் கேட்டால் இப்படி ஒரு வசை தாங்கள் படித்த காலத்தில் இல்லை என்கிறார்கள். அதற்குக் கீழே இருப்பவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் கேட்டதாகச் சொல்கிறார்கள், அதுவும் ஒரே தலைமையாசிரியர் வாயில். அவர் செத்துப்போய் ஆறு வருடம் ஆகிறது.

தலைமையாசிரியரா? குழாய்க்காரருக்கு உயிர் வந்தது. வேலையிடத்தில் எந்தத் தலைமையாசிரியரும் இல்லை. அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மருமகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"மாமா, கண்டுபிடிச்சுட்டேன். மூனு வருஷமா அந்த பஸ் ஸ்டாப்புலதான் ஏறி இறங்குறேன். எதிர்ல ஒரு சாவிக் கடை. போர்டுல என்ன எழுதியிருக்குன்னு இன்னைக்குத்தான் படிச்சேன். 'வெந்நீர் சாவிக் கடை'."

குழாய்க்காரரின் மனைவி அடுப்படியிலிருந்து சிரித்தார். திட்டையே பெயர்ப்பலகையாக மாட்டி வைத்திருக்கிற ஆளைப் பார்க்க வேண்டும் என்றார்.

மருமகள் பார்த்துவிட்டு வந்திருந்தாள். உயரமான ஆள், கூன் விழுந்துவிட்டது. குழாய் வேலை பார்த்தவராம். ஒரு பெரிய கட்டடத்தில் தப்பாக மாட்டிவிட்டாராம். அதற்குப் பிறகு எந்த வேலையிடத்துக்குப் போனாலும், உள்ளே நுழைவதற்கு முன்னாலேயே பெயர் போய் உட்கார்ந்திருக்குமாம். பள்ளிக்கூடத்தில் அவர் பிள்ளைகளை வெந்நீர் பெற்ற பிள்ளை என்றார்களாம். ஏழெட்டு வருடம் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, எப்படியும் அப்படித்தானே கூப்பிடப் போகிறார்கள் என்று போர்டிலேயே எழுதிவிட்டாராம். அந்தத் தப்பைச் செய்தது நீங்கள்தானா என்று அவள் அட்டையை வைத்துக்கொண்டு கேட்டபோது, ஆமாம், எழுதிக்கொள் என்றாராம். அவள் எழுதிவிட்டாள். காலையில் அச்சுக்குப் போகிறது.

குழாய்க்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கேயோ போனவன், தாம் தினமும் குழாய் வாங்கப் போகிற கடைக்கு மூன்று தெரு தள்ளி இத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிறான். அவர் ஒரு சாவியைத் தொலைத்திருந்தால் போதும், என்றைக்கோ அவன் எதிரில் போய் நின்றிருப்பார்.

"உங்களையும் தெரியுமாம் மாமா. நான் எந்த வீடுன்னு கேட்டார், சொன்னேன். அப்புறம், 'உன் மாமனார் இன்னும் குழாயத் தொட்டுப் பாத்துட்டுத்தான் மாட்டுறாரா? நல்ல பழக்கம், விட வேணாம்னு சொல்லு'ன்னார்."

அவள் அதை ஒரு பாராட்டாகத்தான் கொண்டுவந்து கொடுத்தாள்.

பிறகு குழாய்க்காரர் பேசினார். துண்டிலிருந்து ஆரம்பித்து, தோளில் முடித்தார். மகன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். மருமகள் எழுதவில்லை, இந்த மூன்று வருடத்தில் பேனா கையில் இருந்தும் அவள் எழுதாமல் கேட்டது இதுதான் முதல் தடவை. மனைவிக்குத்தான் அதிர்ச்சி வேறு திசையிலிருந்து வந்தது.

"அந்தச் செவப்புத் துண்டா? அத நான்தானேங்க தோய்ச்சுப் போட்டேன். கிழிஞ்சு கரித்துணியாகி, அதுல ரெண்டு வருஷம் சட்டி எறக்கியிருக்கேன். ஒருத்தன் பொழப்ப வச்சா நான் சட்டி எறக்கினேன்?"

மகன் மெதுவாக ஒன்று கேட்டான். "கணக்குல ஃபெயில் ஆனப்போ என்னைய அந்த வார்த்தையச் சொன்னீங்களே அப்பா. அப்போ உங்களுக்கு ஒன்னும் தோணலையா?"

தோன்றியது என்று சொல்ல நாக்கு வரவில்லை. தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அன்றைக்கு அவருக்கு அது வெறும் சொல்லாகிவிட்டிருந்தது. ஒரு சொல்லை ஊரே புழங்க ஆரம்பித்துவிட்டால், அதைப் பெற்றவனுக்கே அடையாளம் தெரிவதில்லை.

அட்டையை மாற்று, என் பெயரைப் போடு என்றார். மாற்றுவதற்கு இரண்டாவது சாட்சி வேண்டும் என்றாள் மருமகள். மாமனாரே ஆனாலும் அலுவலக விதி விதிதான். சாட்சி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கடை திறந்தவுடனே மாமனாரும் மருமகளும் போய் நின்றார்கள். ஒரு ஆள் உட்காரும் அளவுக்குத் தகரப் பெட்டி. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் தொங்கின. நெட்டை அரத்தில் ஒரு சாவியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வந்தது யார் என்று பார்த்தான். தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஊதித் தூளைத் தட்டிய பிறகுதான் வாயைத் திறந்தான்.

"என்னடா குட்டை. துண்டு காஞ்சுதா?"

முப்பத்து நாலு வருடமாக அவரை யாரும் டா போட்டதில்லை. குட்டை என்றும் கூப்பிட்டதில்லை. குழாய்க்காரர் கடை வாசலில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். மன்னிப்புக் கேட்க வந்தவர் கேள்வி கேட்டது முறையில்லைதான். ஆனால் அதுதான் முதலில் வந்தது.

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. சிரிக்கிற கூட்டத்துல நின்னு நியாயம் பேசினா இன்னும்தான் சிரிப்பாங்க."

தாம் பொய் சொன்னதையும், அட்டையை மாற்ற வந்திருப்பதையும், தம் பெயரே அச்சில் ஏறட்டும் என்பதையும் குழாய்க்காரர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கெட்டதற்கு நான் பொறுப்பு, அதைச் சரி செய்ததும் நான்தான், அந்த ஒரு மணி நேர வேலையையாவது என் கணக்கில் விட்டுவிடு என்பதுபோல ஏதோ சொல்ல வந்தார். நெட்டை சாவியைக் கீழே வைத்தான்.

"எத சரி பண்ணின?"

"பன்னெண்டு மாடியும்..."

"பதினொன்னு."

குழாய்க்காரருக்குப் புரியவில்லை. நெட்டை, பொடியனுக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னான். திறப்புக்கு முந்தின சாயங்காலம் பன்னிரண்டாம் மாடியில் கடைசிக் கிளையை இழுத்துக்கொண்டிருந்தபோது, யாரோ பாய்லரைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வலது குழாய் அவன் கைக்குள் வெதுவெதுத்தது. சந்தேகம் வந்து, அந்த மாடியை மட்டும் மாற்றிச் சரியாக மாட்டிவிட்டு, அடையாளத்தைப் பார்க்கக் கீழே இறங்கி வந்தான். சிவப்பைக் காணோம். காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்குப் போனான்.

"நான் சொல்றதுக்குள்ள சம்பந்தி உக்காந்துட்டார்."

மருமகளுக்குத்தான் முதலில் விளங்கியது. அவள் கை தானாக வாய்க்குப் போனது. பதினொரு மாடிகள் தப்பு, பன்னிரண்டாவது சரி. மாமனார் கீழே குறுக்கே மாற்றியதும் பதினொன்றும் சரியாகிவிட்டன, சரியாக இருந்த ஒன்று கெட்டுவிட்டது.

குழாய்க்காரர் கையைப் பார்த்துக்கொண்டார், உள்ளங்கையையும் புறங்கையையும் மாறி மாறி.

"பன்னெண்டாவது மாடில யாரு..."

"ஒரு தலைமையாசிரியர்" என்றான் நெட்டை. "ஒருநாள் சாவி போட வந்து போர்டப் பாத்துட்டு அவரே சொன்னார். குடி வந்த அன்னைக்கே சுட்டுக்கிட்டாராம். புகார் பண்ணினா, அதெல்லாம் சரி பண்ணியாச்சு, ஒரு மணி நேரத்துல பண்ணியாச்சுன்னு சொல்லி யாரும் நம்பலியாம். யாரோ வெந்நீர்னு ஒரு ஆளாமே, அவன் வேலைதான் இதுன்னு வாட்ச்மேன் சொல்லியிருக்கான். தெனம் காலைல சூடு பட்டுட்டு நேரா பள்ளிக்கூடம் போவாராம். தப்பு பண்ற பையன் ஒவ்வொருத்தனையும் அதச் சொல்லித்தான் திட்டுவாராம். இருபத்தஞ்சு வருஷம். எத்தன ஆயிரம் பசங்க, நீயே கணக்குப் போட்டுக்க."

மருமகள் பையிலிருந்து அட்டையை எடுத்தாள். எல்லாரும் கைகாட்டிய அந்தத் தலைமையாசிரியர் பன்னிரண்டாம் மாடியில் இருந்திருக்கிறார். பன்னிரண்டாம் மாடிக்கு வெந்நீரை அனுப்பியவர் அவளுக்குத் தினமும் காலையில் காபி கலந்து கொடுக்கிறவர். ஊர் சிரித்தது நெட்டையைப் பார்த்து. ஊருக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தது, முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்த அந்த ஒரு மணி நேரம்.

"எழுதும்மா" என்றார் குழாய்க்காரர். "ரெண்டாவது சாட்சியும் சொல்லிட்டான்."

நெட்டைக்கு அப்போதுதான் ஒரு கவலை வந்தது. பெயரை மாற்றினால் என் போர்டு என்ன ஆகும் என்றான். இருபது வருட வியாபாரம், வெந்நீர் சாவிக் கடை என்றால்தான் ஆட்டோக்காரனுக்குக்கூட வழி தெரிகிறது; அகராதியில் வேறு ஆள் பெயர் வந்தால் நாளைக்கு அந்த ஆள் எதிரில் ஒரு கடை போட்டுவிடமாட்டானா? கேலியா, நிஜமா என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. மருமகள் கல்லாப் பலகையின்மேல் அட்டையை வைத்துப் பழையதை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். இரண்டு ஆண்களும் அந்தப் பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ் ஒன்று வந்து நின்றது. கட்டைப்பையோடு இறங்கிய ஒரு ஆள், இரும்புப் பெட்டிச் சாவி ஒன்றைத் தலைக்கு மேலே ஆட்டியபடி சாலையின் அந்தப் பக்கத்திலிருந்தே கூப்பிட்டார்.

"வெந்நீரு! அவசரம்பா, பஸ் போயிரும்!"

நெட்டை பழக்கத்தில் தலையைத் தூக்கினான். அதற்குள் முக்காலியில் இருந்தவர் எழுந்துவிட்டார்.

"வாங்க" என்றார் குழாய்க்காரர். "என்ன வேணும்?"